ஆக்ஸ்ஃபோர்டில் வீடு வாங்குவது லேசுப்பட்ட காரியமா?

ஆக்ஸ்ஃபோர்டு ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே கால் மணி நேரம் நடந்தால் கார்ஃபாக்ஸ் என்ற நாற்சந்தி வருகிறது. அதன் மூலையில் பழைய தேவாலயம் ஒன்றின் கோபுரம் மட்டும் தனியே நிற்கிறது. உயரம் 23 மீட்டர். மேலே ஏறி நின்றால் ஊர் முழுவதும் தெரியும். தேன் நிறக் கல்லில் கட்டிய கல்லூரிகள், கூர்கோபுரங்கள், புல்வெளிகள், அவற்றைத் தாண்டி ஓட்டுக் கூரைகள், இன்னும் தூரத்தில் பச்சைக் குன்றுகள். அந்தக் குன்றுகள்வரை வீடுகள் ஏன் பரவவில்லை, கோபுரத்தைச் சுற்றி ஏன் ஓர் அடுக்குமாடிக் கட்டடம்கூட நிமிரவில்லை என்று யோசித்தாலே இந்த ஊரில் வீட்டு விலை ஏன் இப்படி இருக்கிறது என்பது பாதி புரிந்துவிடும்.

ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வீட்டின் சராசரி விலை சில ஆண்டுகளாகவே நான்கரை லட்சம் பவுண்டுக்கு மேல். பவுண்டில் லட்சம் என்றால் ரூபாயில் கோடி என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே வேலை பார்க்கும் ஒருவரின் ஆண்டுச் சம்பளத்தைப்போல இது பத்து மடங்குக்கும் மேல். பிரிட்டனில் சம்பளத்துக்கும் வீட்டு விலைக்கும் எட்டாத ஊர்களின் பட்டியலைப் போடும்போதெல்லாம் ஆக்ஸ்ஃபோர்டின் பெயர் முதல் வரிசையில் வந்துவிடுகிறது.

காரணம் ஆள் கூட்டம் மட்டுமல்ல. யார் எங்கே குடியிருக்கலாம் என்று இந்த ஊர் பல நூறு ஆண்டுகளாகக் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. வீடு வாங்க வருபவர் அந்தக் கோடுகள் ஒவ்வொன்றுக்கும் விலை கொடுக்கவேண்டியிருக்கிறது.

63 பென்னி அபராதம்

இங்கே பாடம் நடத்தத் தொடங்கியது 1096-ஆம் ஆண்டு வாக்கில் என்கிறார்கள். படிக்க வந்தவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகவில்லை. வாடகை, ரொட்டி விலை, மது என்று எதற்கெடுத்தாலும் சண்டை. 1355 பிப்ரவரி 10 அன்று கார்ஃபாக்ஸ் சந்தியில் இருந்த ஒரு மதுக்கடையில், ஊற்றிக் கொடுத்த மது நன்றாக இல்லை என்று மாணவர்கள் தகராறு செய்தார்கள். அது கலவரமாக மூண்டது. அடங்கியபோது பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 63 பேரும் ஊர்க்காரர்கள் சுமார் 30 பேரும் இறந்திருந்தார்கள்.

அரசர் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார். இறந்த 63 பேருக்கும் தலைக்கு ஒரு பென்னி வீதம், ஆண்டுதோறும் அதே நாளில் நகரத்தின் மேயர் பிரார்த்தனையில் கலந்துகொண்டு செலுத்தவேண்டும் என்று ஆனது. இந்த வழக்கம் 1825 வரை நீடித்தது. சந்தையின் அளவுகோல், எடைக்கல், ரொட்டி விலை ஆகியவற்றின் அதிகாரமும் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. ஊர் யாருடையது என்ற கேள்விக்கு அன்று கிடைத்த பதில், நிலப் பத்திரங்களில் இன்றும் தெரிகிறது. கல்லூரிகள் நூற்றாண்டுக் கணக்கில் நிலம் சேர்த்தன. சேர்த்ததை எளிதில் விற்கவில்லை.

அச்சுத் தொழிலாளர்களின் ஜெரிக்கோ

கார்ஃபாக்ஸிலிருந்து வடமேற்கே நடந்தால் ஜெரிக்கோ. 1830-இல் பல்கலைக்கழக அச்சகம் வால்டன் தெருவுக்கு வந்ததும், அங்கே வேலை செய்தவர்களுக்காக எழுந்த பகுதி இது. இரண்டு ஆள் அகலத்தில் வாசல், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், பின்னால் கையளவு முற்றம். கால்வாயை ஒட்டிய தாழ்வான நிலம். சாக்கடை வசதி கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் காலரா வந்தபோது ஊரில் மோசமாக அடிபட்ட இடங்களில் இதுவும் ஒன்று.

1960-களில் இந்த வீடுகளை இடித்துத் தள்ளிவிடலாம் என்ற பேச்சு நகராட்சியில் எழுந்தது. ஆலிவ் கிப்ஸ் என்ற பெண் கவுன்சிலர் உள்ளிட்டோர் எதிர்த்துப் போராடி, இடிப்பதற்குப் பதில் பழுதுபார்க்க வைத்தார்கள். குடியிருந்தவர்கள் அங்கேயே இருக்கவேண்டும் என்பதற்காக நடந்த போராட்டம் அது. வீடுகள் பிழைத்தன. ஆனால் அழகு பெற்ற தெருக்களின் விலை ஏறியது. அச்சுக் கோத்தவர் வாழ்ந்த இரண்டு படுக்கையறை வீடு இன்று ஆறு, ஏழு லட்சம் பவுண்டு. இன்றைய அச்சுத் தொழிலாளி ஒருவர் அந்தப் படியை மிதிப்பது கடினம்.

தமிழர்கள் இந்தப் பக்கம் வந்தால் பார்க்கவேண்டிய இடமும் வால்டன் தெருவில்தான் இருக்கிறது. தெருவிலிருந்து குறுகிய பாதை ஒன்று செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறது. திருக்குறளையும் (1886) திருவாசகத்தையும் (1900) ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் அங்கேதான் துயில்கிறார். தமிழகத்தில் பல்லாண்டு வாழ்ந்துவிட்டு, ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்து, 1908-இல் மறைந்தவர். அவருடைய கல்லறைக்கல்லை எழுப்பியதில் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களுக்கும் பங்கு உண்டு.

கல்யாணத்துக்குத் தடை, நிலத்துக்கு 99 ஆண்டு

ஜெரிக்கோவிலிருந்து பத்து நிமிடம் வடக்கே நடந்தால் காட்சி மாறிவிடும். அகலமான சாலைகள், பெரிய மரங்கள், மஞ்சளும் சிவப்புமாகச் செங்கல்லில் கூர்முகடு வைத்த மாளிகைகள். இது வடக்கு ஆக்ஸ்ஃபோர்டு.

இங்கிருந்த நிலத்தின் பெரும்பகுதி செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குச் சொந்தம். 1860-களில் கல்லூரி மனை பிரித்தது. ஆனால் விற்கவில்லை. 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. வீட்டைக் கட்டும் செலவு குத்தகைதாரருடையது. 99 ஆண்டு முடிந்தால் நிலமும் அதன்மேல் நிற்கும் வீடும் கல்லூரிக்கே திரும்பிவிடும்!

அப்போது கல்லூரிகளின் நிலையான ஆசிரியர்களான ஃபெலோக்களில் பெரும்பாலோர் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. செய்தால் பதவி போய்விடும். 1870-களின் இறுதியில் தொடங்கிய சீர்திருத்தத்தால்தான் இந்தத் தடை பரவலாக விலகியது. பேராசிரியர்கள் குடும்பம் நடத்துவதற்காகவே வடக்கு ஆக்ஸ்ஃபோர்டு உருவானது என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் முதலில் குடியேறியவர்களில் வணிகர்கள் ஏராளம். கடைத்தெருவில் சம்பாதித்தவர்கள் காற்றோட்டத்துக்கு வடக்கே வந்தார்கள். பேராசிரியர்கள் மனைவி மக்களோடு பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

1967-இல் வந்த ஒரு சட்டம், நீண்ட குத்தகையில் வீடு வைத்திருப்பவர்கள் நிலத்தையும் விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வழி செய்தது. அதனால் பல வீடுகள் முழு உரிமைக்கு மாறின. ஆனாலும் குத்தகை என்ற சொல் இன்னும் ஒழியவில்லை. இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடு வாங்கினால் பெரும்பாலும் அது குத்தகை உரிமைதான். நம்மூரில் கிடைக்கும் பிரிக்கப்படாத நிலப் பங்கு அங்கே கிடையாது. மீதி எத்தனை ஆண்டு என்பதுதான் முதல் கேள்வி. 80 ஆண்டுக்குக் கீழே போய்விட்டால் நீட்டிக்கும் செலவு எகிறும், வங்கிகளும் முகம் சுளிக்கும். இதை மாற்றச் சட்டத் திருத்தங்கள் படிப்படியாக வந்துகொண்டிருக்கின்றன.

இந்தப் பகுதியின் நார்த்மூர் சாலையில் எழுத்தாளர் டோல்கீன் 1930 முதல் 1947 வரை குடியிருந்த வீடு இருக்கிறது. அவர் வாழ்ந்த இடம் என்பதற்காகவே 2004-இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடம் ஆனது. சில ஆண்டுகளுக்கு முன் அது விலைக்கு வந்தபோது, நினைவில்லமாக்க ரசிகர்களிடம் நிதி திரட்டிப் பார்த்தார்கள். தேவைப்பட்டது சுமார் 45 லட்சம் பவுண்டு. சேரவில்லை. ஒரு பேராசிரியர் சம்பளத்தில் குடும்பம் நடத்திய வீட்டை, இன்று உலகம் முழுதும் உள்ள வாசகர்கள் கூடியும் வாங்க முடியவில்லை.

தெருவுக்குக் குறுக்கே ஒரு சுவர்

இன்னும் வடக்கே போனால் கட்ஸ்லோ. 1930-களில் இங்கே நகராட்சி, ஏழைத் தொழிலாளர்களுக்கு வாடகை வீடுகள் கட்டியது. பக்கத்திலேயே ஒரு தனியார் நிறுவனம் விற்பனைக்கு வீடுகள் கட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர்கள் இருந்தால் நம் வீட்டு மதிப்பு குறைந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. 1934 டிசம்பரில் இரண்டு தெருக்களின் குறுக்கே, இரண்டு மீட்டருக்கு மேல் உயரத்தில், உச்சியில் இரும்பு முட்களோடு சுவர்களை எழுப்பிவிட்டார்கள்.

எதிரே தெரியும் பெரிய சாலைக்குப் போக, நகராட்சி வீட்டுக்காரர்கள் நெடுந்தூரம் சுற்றவேண்டியிருந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்மார்களும் அப்படித்தான் சுற்றினார்கள். 1938-இல் நகராட்சி சாலை உருளையை ஏவிச் சுவரை இடித்தது. அது செல்லாது என்று ஆகி, சுவர் மீண்டும் எழுந்தது. கடைசியில் சுவர் நின்ற துண்டு நிலத்தையே 1,000 பவுண்டுக்கு விலைக்கு வாங்கி, 1959 மார்ச்சில் நகராட்சி இடித்தது. கால் நூற்றாண்டு நின்ற அந்தச் சுவரின் நினைவாக இப்போது அங்கே ஒரு நீலத் தகடு மட்டும் இருக்கிறது. கல்லால் ஆன சுவரை இடித்துவிட்டார்கள். விலையால் ஆன சுவரை இடிக்கச் சாலை உருளை எதுவும் இல்லை.

கூரையில் சுறா

ஊரின் கிழக்கே, மேட்டுப் பகுதியில் ஹெடிங்டன். அங்கே வரிசை வீடு ஒன்றின் கூரையைத் துளைத்துக்கொண்டு பெரிய சுறாமீன் ஒன்று தலைகீழாக நிற்கிறது. 25 அடி நீளம். நாகசாகியில் குண்டு விழுந்த நாளான ஆகஸ்ட் 9-இல், 1986-ஆம் ஆண்டு, பில் ஹைன் என்ற வானொலித் தொகுப்பாளர் தம் வீட்டுக் கூரையில் இதை வைத்தார். வானத்திலிருந்து அழிவு விழுவதைக் காட்டும் சிற்பம். அனுமதி வாங்கவில்லை என்று நகராட்சி அகற்றச் சொன்னது. ஆறு ஆண்டு இழுபறிக்குப் பின் 1992-இல் மத்திய அரசு அனுமதித்தது. இதில் வேடிக்கை, 2022-இல் அதே நகராட்சி அந்தச் சுறாவை உள்ளூர்ப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வேண்டாம் என்றார் அவருடைய மகன். அப்பா கட்டுப்பாடுகளை எதிர்த்து வைத்ததற்கே கட்டுப்பாடா என்பது அவர் கேள்வி.

வாங்குபவர்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. பத்திரம் நம் பெயரில் இருந்தாலும் வீட்டின் தோற்றத்தில் ஊருக்கும் பங்குண்டு. பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் ஆக்ஸ்ஃபோர்டில் 1,500 அளவில் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டில் அனுமதியின்றிப் பழைய ஜன்னலையோ படிக்கட்டையோ மாற்றுவது குற்றம். முன்னாள் உரிமையாளர் செய்த தப்பைத் திருத்தும் செலவு, இன்று வாங்குபவர் தலையில் விழலாம். இது தவிர 18 பாதுகாப்புப் பகுதிகள். அங்கே வீட்டுத் தோட்டத்து மரத்தை வெட்டுவதற்குக்கூட ஆறு வாரம் முன்பே நகராட்சிக்குச் சொல்லவேண்டும்.

வாங்கிப்போட்டு மாணவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கும் கடிவாளம் உண்டு. குடும்ப வீட்டை உறவில்லாத மூன்று பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பகிரும் வீடாக மாற்ற, 2012 பிப்ரவரியிலிருந்து ஊர் முழுதும் அனுமதி தேவை. ஒரு தெருவில் குடும்பங்களே இல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்த விதி.

நீரும் பச்சையும்

ஊரை இரண்டு ஆறுகள் அணைத்துக்கொண்டிருக்கின்றன. தேம்ஸுக்கு இங்கே ஐஸிஸ் என்று செல்லப் பெயர். இன்னொன்று செர்வெல். கோடையில் படகும் பட்டுப் புல்லும் மனத்தை மயக்கும். குளிர்காலத்தில் ஆஸ்னி, போட்லி சாலை, அபிங்டன் சாலைப் பக்கம் விசாரித்தால் 2007 வெள்ளத்தையும் 2014 வெள்ளத்தையும் மறக்காமல் சொல்வார்கள். வெள்ள அபாயமுள்ள வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் காப்பீடு கிடைக்க 2016 முதல் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. ஆனால் 2009-க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு அது பொருந்தாது.

ஊரைச் சுற்றிப் பசுமை வளையம். நகரம் அளவின்றிப் பரவாமல் தடுக்க வந்தது. கார்ஃபாக்ஸைச் சுற்றி 1,200 மீட்டருக்குள் கட்டடங்கள் 18.2 மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நகராட்சியின் நெடுநாள் கொள்கை. கூர்கோபுரங்களின் காட்சி மறையக் கூடாதாம். பக்கவாட்டிலும் வளர முடியாது, மேலேயும் வளர முடியாது. நடுவிலோ கல்லூரிகளின் நிலம். இந்த மூன்றுமே ஊரை அழகாக வைத்திருக்கின்றன, விலையையும் ஏற்றிவைத்திருக்கின்றன.

வாக்கு கொடுத்தாலும் வீடு உறுதியில்லை

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பார்கள். இங்கிலாந்தில் வீட்டை வாங்கிப் பார்த்தாலே போதும். விலை பேசி, விற்பவர் சம்மதித்துவிட்டாலும் அது வெறும் வாய்வார்த்தை. ஒப்பந்தங்கள் கைமாறும் நாள்வரை இரு தரப்பும் விலகலாம். இடையில் வேறொருவர் கூடுதல் விலை சொன்னால் விற்பவர் அவர் பக்கம் சாய்வதும் நடக்கும். ஒப்பந்தம் கைமாறும்போது வழக்கமாக 10 சதவீதம் முன்பணம். அதன்பின் பின்வாங்கினால் அது போச்சு.

விற்பவர் வேறு வீடு வாங்கவேண்டும், அந்த வீட்டுக்காரர் இன்னொன்று வாங்கவேண்டும். இப்படிச் சங்கிலியாகப் பல குடும்பங்கள் கோத்துக்கொள்ளும். ஒரு கண்ணி அறுந்தால் எல்லாமே நின்றுவிடும். சாவி கைக்கு வர மூன்று, நான்கு மாதம் ஆவது சாதாரணம். ஒரே ஆறுதல், தரகு முகவருக்கான கட்டணம் பொதுவாக விற்பவருடையது.

நம்மூரில் வில்லங்கம் பார்ப்பதுபோல் அங்கே வழக்கறிஞர் பல தேடல்கள் செய்வார். வெள்ளம், சாக்கடை, சாலைத் திட்டம், பழைய நிபந்தனைகள் எல்லாம் அதில் வரும். சில இடங்களில் ஊர்த் தேவாலயத்தின் ஒரு பகுதியைப் பழுதுபார்க்கும் பொறுப்பு, இடைக்காலத்திலிருந்து நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறதா என்றும் பார்ப்பார்கள். பழைய வீடென்றால் விரிவான கட்டட ஆய்வும் கட்டாயம் செய்துகொள்வது நல்லது. ஈரம் ஏறிய சுவரும் உளுத்த உத்தரமும் புதுச் சாயத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

அப்புறம் முத்திரை வரி. 2025 ஏப்ரலில் வந்த விகிதப்படி, நான்கரை லட்சம் பவுண்டு வீட்டுக்கு 12,500 பவுண்டு. முதல் வீடு வாங்குபவருக்கு 7,500. விலை ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டால் இந்தச் சலுகை அடியோடு போய்விடும். ஆக்ஸ்ஃபோர்டில் அந்தக் கோட்டைத் தாண்டுவது எளிது. உலகில் எங்கேயாவது ஏற்கெனவே ஒரு வீடு உங்கள் பெயரில் இருந்திருந்தால் நீங்கள் ‘முதல் வீடு’ வாங்குபவர் அல்ல. பரம்பரையாக வந்த வீடும் இந்தக் கணக்கில் வரும். ஊரில் பூர்வீக வீட்டில் பங்கு உள்ள பிள்ளைகள், அதை வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. சேரும் வீடு இரண்டாவது வீடு என்று ஆனால் மொத்த விலையில் மேலும் 5 சதவீதம். நான்கரை லட்சத்துக்கு அது மட்டும் 22,500 பவுண்டு.

காலைப் பேருந்தில் வருபவர்கள்

இவ்வளவுக்கும் பிறகு யார் வாங்குகிறார்கள்? பெற்றோரின் கை உதவி உள்ளவர்கள், லண்டனில் ஒரு வீட்டை விற்றுவிட்டு வருபவர்கள், இரண்டு நல்ல சம்பளம் சேர்ந்த தம்பதிகள். ஹெடிங்டனில் உள்ள ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையின் செவிலியர், கவுலி கார் தொழிற்சாலையின் தொழிலாளி, பள்ளி ஆசிரியை, கல்லூரிச் சமையல்காரர், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் இளம் ஆராய்ச்சியாளர் ஆகியோருக்குக் கணக்கு கூடிவருவதில்லை. பசுமை வளையத்தைத் தாண்டி டிட்காட், விட்னி, பிஸ்டர் என்று போய் வீடு பிடிக்கிறார்கள். வில்லியம் மோரிஸ் 1913-இல் கவுலியில் கார் செய்யத் தொடங்கியபோது, அடுத்து வந்த ஆண்டுகளில் தொழிலாளர்களுக்காகத் தெருத்தெருவாக வீடுகள் எழுந்தன. இப்போது அதற்கு இடமில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஊரின் வடகிழக்கு ஓரத்தில் பார்ட்டன் பார்க் என்ற புதுக் குடியிருப்பு எழுகிறது. திட்டமிட்ட 885 வீடுகளில் 40 சதவீதம் குறைந்த வாடகை வீடுகள். கட்ஸ்லோவில் நடந்ததுபோல் குறுக்கே சுவர் இல்லாமல், விலைக்கு வாங்கியவரும் வாடகைக்காரரும் ஒரே தெருவில் இருக்கவேண்டும் என்பது எண்ணம். தேவையோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை சிறியது.

ஆக்ஸ்ஃபோர்டில் வீடு பார்க்கக் கிளம்பும் குடும்பங்கள், கோடையில் ஒரு முறையும் மழை மாதத்தில் ஒரு முறையும் அந்தத் தெருவில் நடந்துவிடுவது நல்லது. நிலம் யாருடையது, தண்ணீர் எதுவரை வரும், எதையெல்லாம் மாற்ற அனுமதி வேண்டும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கவேண்டும். அப்படியே ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஹெடிங்டன் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்து பார்க்கலாம். இரவில் கண் விழித்தவர்களிடமிருந்து நோயாளிகளைப் பொறுப்பேற்கப் போகிறவர்கள் அதில் இருப்பார்கள். அவர்களில் பலர் விடிவதற்கு முன்பே வேறு ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியவர்கள்.